பத்து வெள்ளிக்கு இருபது வெள்ளி

நிதி அமைச்சுக்கும், இந்தியச் சமூகத்துக்கான ஒதுக்கீட்டைக் கையாளும் மித்ரா பொறுப்பாளர்களுக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

வரவு செலவுத் திட்டம் தயாராகும் பருவத்தில் பொதுமக்களின் யோசனைகளை வரவேற்பதாக அறிவிக்கிறீர்கள். எங்களிடம் இருப்பது ஒரே யோசனைதான். அதைச் சொல்ல எங்கள் ஊர்க் கதையையும் கொஞ்சம் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் இங்குள்ள ஒரு படிப்பகத்தின் பொருளாளர். பொருளாளர் எழுதும் கடிதத்தில் எண்கள் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றைப் பேணும் சிறு நிறுவனங்களுக்கு நீங்கள் ஆண்டுதோறும் தரும் மானியத்தில் ஒரு பகுதியை இணை மானியமாக மாற்றுங்கள். ஊர் ஒரு வெள்ளி (ரிங்கிட்) திரட்டினால் அரசு இரண்டு வெள்ளி போடட்டும். அந்த மூன்று வெள்ளியையும் யாரும் செலவு செய்யக் கூடாது. அது நிலைநிதியாக முதலீட்டில் கிடக்கட்டும். அதிலிருந்து வரும் வருமானத்தை மட்டும் எடுத்து நாங்கள் நடத்திக்கொள்கிறோம். யோசனை இவ்வளவுதான்.

இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏதாவது ஓர் ஒதுக்கீடு வருகிறது. மேடையில் ஆள் உயர மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறோம். பணம் கையில் சேரும்போது ஆண்டின் பாதி கழிந்திருக்கும்; டிசம்பருக்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். சம்பளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, ஒரு முறைச் செலவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். ஆகவே நாற்காலி வாங்குவோம், மின்விசிறி மாற்றுவோம், ஒரு கருத்தரங்கு நடத்திச் சாப்பாடு போடுவோம். எங்கள் படிப்பகத்தில் நல்ல கணினிகள் இருக்கின்றன. அவற்றின் முன் உட்கார்ந்து நூல்பட்டியல் தயாரிக்கத்தான் ஆள் இல்லை. நாற்காலிகளுக்கும் குறைவில்லை. கொடுத்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு முறைக்கென்று கொடுத்த பணம் ஒரு முறைக்குரிய வேலையைத்தான் செய்யும்.

படிப்பகம் என்றதும் நான்கு நாளிதழும் கேரம் பலகையும் உங்கள் நினைவுக்கு வரலாம். அவையும் உண்டு. ஆனால் எங்கள் அலமாரிகளில் பாதிக்கு மேல் இருப்பவை புத்தகங்கள் அல்ல. இந்த வட்டாரத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறின, சில கைமாறின, சில தாமான்களாயின, அதாவது வீடமைப்புப் பகுதிகளாயின. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிபட்டபோது மக்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தூக்கி வந்ததில் ஒரு பகுதி எங்களிடம் வந்து சேர்ந்தது. தொழிலாளர் பெயரும் வேலை நாளும் பதிந்த செக்ரோல் புத்தகங்கள், கிராணிமார் எனப்பட்ட தோட்ட எழுத்தர்கள் எழுதி வைத்த துண்டுக் கணக்குகள், தோட்டக் கோயில்களின் வரவு செலவு ஏடுகள், தொழிற்சங்கக் கிளைக் கூட்டங்களின் குறிப்புகள், திருமண அழைப்பிதழ்கள், சாவுக் கடிதங்கள், நாடக நோட்டீசுகள், மூடப்பட்ட பள்ளிகளின் பழைய பதிவேட்டுப் படிகள். தமிழ் நேசன் இதழ்க் கட்டுகளும் இருக்கின்றன. 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. இனி அதன் ஒவ்வொரு பழைய தாளும் மூல ஆவணம்தான்.

இந்த ஊரின் பெயர் உலக வரலாற்றில் ஒரு வரியாவது பெற்றிருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் நாள் இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிராக அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. துரைமாரைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. படையினரைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. குடியேற்ற அரசின் கோப்புகள் இலண்டனில் குளிரூட்டிய அறைகளில் பத்திரமாக இருக்கின்றன. அந்த நாளுக்கு மறுநாள் பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போன பால்வெட்டுத் தொழிலாளி என்ன பார்த்தார், லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டபோது அந்தக் குடும்பங்கள் எப்படிச் சமைத்துச் சாப்பிட்டன, யார் யாருக்குச் சோறு கொடுத்ததாகச் சந்தேகப்பட்டார்கள் என்பதெல்லாம் தமிழில், பேச்சாகத்தான் இருந்தது. பேசியவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அதற்கும் முன்னால் 1942, 43இல் ஜப்பானியரால் சயாம் பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வந்தவர்களின் தலைமுறை ஏறக்குறைய முழுதாகவே முடிந்துவிட்டது. அவர்கள் சொன்னதில் கொஞ்சம் எங்களிடம் ஒலிநாடாக்களில் இருக்கிறது. பெராக் மாநிலத்து ஈரக்காற்றில் ஒலிநாடாவுக்குப் பூஞ்சை பிடிக்க அதிக நாள் வேண்டாம். காகிதத்துக்குக் கரையான் இருக்கவே இருக்கிறது.

"சோற்றுக்கே திண்டாடும் பி40 எனும் குறைந்த வருமானக் குடும்பங்கள் இருக்கும்போது பழைய தாளுக்கு ஏன் பணம்?" என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்பார். எங்கள் ஊரிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ சரியாக இல்லாத ஒருவர், தன் தாய் இந்தத் தோட்டத்தில்தான் பிறந்து வளர்ந்தார் என்று காட்ட வேண்டிய நிலை வரும்போது எதைக் கொண்டுபோய்க் காட்டுவார்? தோட்ட அலுவலகம் இப்போது இல்லை. நிறுவனம் பெயர் மாறிவிட்டது. பள்ளி வேறு இடத்துக்குப் போய்விட்டது. நாட்டின் விடுதலையாண்டான 1957இல் எண்ணூற்றுக்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம்தான் என்பது நீங்கள் அறிந்தது. மூடிய பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள ஒரு வரி, செக்ரோலில் உள்ள ஒரு பெயர், ஒரு குடும்பத்துக்குக் கையில் கிடைக்கும் ஒரே எழுத்துச் சான்றாக இருக்கலாம். வரலாறு வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள், குடியுரிமைக்கு அலையும் ஒரு கிழவியோடு ஒரு நாள் தேசியப் பதிவிலாகா வரிசையில் நின்று பார்க்கலாம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். எங்களுக்கு வேண்டியது ஒரு முழுநேர ஆள். பெரிய படிப்புக்கூட வேண்டாம். தமிழும் மலாயும் படிக்கத் தெரிந்து, பொறுமையாகப் பட்டியலிட்டு, மின்னுருவாக்கி, கேட்டு வருபவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் ஒருவர் போதும். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். ஆண்டுக்கு 20,400. முதலாளி பங்காக ஊழியர் சேமநிதிக்கு 13 விழுக்காடும் சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதியும் சேர்த்தால் 23,500க்குப் பக்கத்தில் வரும். முதலீடு நான்கு விழுக்காடு தருகிறது என்று வைத்துக்கொண்டால், இந்த ஒருவரை என்றென்றைக்கும் வேலையில் வைத்திருக்க ஏறத்தாழ ஆறு இலட்சம் ரிங்கிட் முதலாக (மூலதனமாக) வேண்டும். விலைவாசி ஏறும் என்பதால் வருமானத்தில் ஒரு பகுதியை முதலோடு சேர்க்க வேண்டும். அதையும் கணக்கில் எடுத்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆறு இலட்சம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆறு இலட்சத்தை ஒரே காசோலையாக நாங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் நீங்கள் தரமாட்டீர்கள். தந்தாலும் அது யார் மூலமாக வந்தது என்ற பேச்சிலேயே பாதி மரியாதை போய்விடும்.

இணை மானியம் ஒன்றும் புதிய வித்தை அல்ல. அமெரிக்காவில் 1965இல் அமைக்கப்பட்ட தேசிய மானுடக் கலைகள் நிதியம் 1977 முதல் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இத்தகைய மானியம் தந்து வந்தது. அரசு ஒரு டாலர் தர, நிறுவனம் வெளியில் மூன்று டாலர் திரட்ட வேண்டும். பலர் அந்தப் பணத்தை நிலைநிதியாக வைத்தார்கள். அதன் அருமை 2025 ஏப்ரலில் தெரிந்தது. அந்த மாதம் அமெரிக்க அரசு அதே நிதியத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நடப்பு மானியங்களை ஒரே வீச்சில் நிறுத்தியது. ஆண்டு மானியத்தை நம்பி ஆள் வைத்திருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். முன்பே திரட்டி நிலைநிதியில் போட்டு வைத்த பணத்தை அப்படி ஒரு கடிதத்தால் நிறுத்திவிட முடியாது. அரசுகள் மாறும். ஒதுக்கீடுகள் ஓர் அமைச்சிலிருந்து இன்னோர் அமைச்சுக்குப் போகும். நம் நாட்டில் அண்மைய ஆண்டுகளில் எத்தனை முறை அமைச்சரவை மாறியது என்று எண்ணிப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

சிங்கப்பூரில் 2013இல் கலை, மரபுடைமை அறநிறுவனங்களுக்காக 20 கோடி சிங்கப்பூர் வெள்ளியோடு பண்பாட்டு இணை நிதியம் ஒன்று தொடங்கப்பட்டது. தனியார் ஒரு வெள்ளி கொடுத்தால் அரசும் ஒரு வெள்ளி கொடுக்கும். நம் நாட்டிலும் இந்த முறை தெரியாததல்ல. சொந்தத் தொழில் செய்பவர்கள் ஊழியர் சேமநிதியில் தாமாகச் செலுத்தினால் அரசும் ஒரு பங்கு சேர்க்கிறது. ஐ-சாரான் என்று பெயர். எங்கள் சந்தையில் காய்கறி விற்பவர்கூட அதை அறிவார். ஒரு மனிதரின் முதுமைக்கு நீங்கள் செய்வதை ஓர் ஊரின் நினைவுக்கும் செய்யுங்கள் என்கிறோம்.

ஆனால் வெளிநாட்டு முறையை அப்படியே இறக்குமதி செய்தால் எங்களுக்கு அது உதவாது. இந்த மடலை எழுதியதற்கு முக்கியக் காரணமே இந்த இடம்தான். இணை மானியத்தில் ஒரு மறைவான அநீதி இருக்கிறது. ஏற்கெனவே பணக்காரப் புரவலர்கள் உள்ளவர்களுக்குத்தான் அது எளிதில் கிடைக்கும். கோலாலம்பூரில் ஒரு கலை அமைப்பு இரவு விருந்து வைத்து, மேசைக்கு இவ்வளவு என்று விற்று, ஒரே இரவில் இலட்சங்களைச் சேர்த்துவிடும். அரசும் இலட்சங்களைச் சேர்க்கும். சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ தாப்பாவிலோ மேசைக்கு யார் பணம் கொடுப்பார்? அமெரிக்க விகிதத்தை இங்கே வைத்தால் ஆறு இலட்சத்தில் நாங்கள் நாலரை இலட்சம் திரட்ட வேண்டும். சிங்கப்பூர் விகிதத்தில் மூன்று இலட்சம். இரண்டுமே இந்த ஊருக்கு எட்டாது. இருப்பவனுக்கே கொடுக்கும் திட்டமாக அது முடியும். பத்து ஆண்டு கழித்து, "தோட்டப்புற மக்கள் ஆர்வம் காட்டவில்லை" என்று ஓர் அறிக்கை வரும். அந்த அறிக்கையை இப்போதே என்னால் எழுதித் தர முடியும்.

ஆகவே விகிதத்தைத் தலைகீழாக்குங்கள். பெருநகர நிறுவனங்களுக்கு ஒன்றுக்கு ஒன்று. வேண்டுமானால் அதற்கும் குறைவாக வையுங்கள், அவர்கள் சமாளிப்பார்கள். வருமானம் குறைந்த மாவட்டங்களுக்கு ஊர் ஒன்று, அரசு இரண்டு. இதன்படி நாங்கள் திரட்ட வேண்டியது இரண்டு இலட்சம். நானூறு குடும்பங்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் ஐம்பது மாதங்கள் கொடுத்தால் இரண்டு இலட்சம் வந்துவிடும். நாலாண்டும் இரண்டு மாதமும். இது கனவுக் கணக்கு அல்ல. இந்த ஊர்க்காரர் ஒருவர் இதைவிடக் கடினமான ஒன்றை நடத்திக் காட்டியிருக்கிறார்.

துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை ஒரே தவணையில் கட்டக்கூடிய தொழிலாளி எந்தத் தோட்டத்தில் இருந்தார்? மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது பால்வெட்டுத் தொழிலாளியின் சில நாள் உழைப்பு. தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் பேசினார் சம்பந்தன். கட்டினார்கள். அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது; அதன் பிறகு இன்னும் பல தோட்டங்கள். இன்று கோலாலம்பூரில் அந்தச் சங்கத்தின் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதில் உள்ள சோமா அரங்கில்தான் நம் இலக்கிய நிகழ்ச்சிகள் பல நடக்கின்றன. அன்றைக்கு அரசு ஒன்றுக்கு இரண்டு போட்டிருந்தால் எத்தனை தோட்டங்கள் தொழிலாளிகள் கையில் இருந்திருக்கும் என்று சில இரவுகளில் நினைத்துப் பார்ப்பதுண்டு. நினைத்து என்ன பயன்?

மொழிக்காகவும் இந்த நாட்டுத் தமிழர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்திருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த 1950களில், அங்கே அமையவிருந்த இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டினார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் எளிய மக்கள். பல்கலைக்கழகத்தில் காலடி வைக்க வாய்ப்பே இல்லாதவர்கள் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்காகக் கொடுத்தார்கள். பிறகு தனிநாயகம் அடிகள் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றதும், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் அந்த அடித்தளத்தின் மேல்தான். அண்மையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டாலர் வேண்டியிருந்தபோதும் உலகெங்கும் பொதுமக்கள் கொடுத்தார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் சேர்த்தது. ஹார்வர்டுக்கு நாம் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் உலகின் மிகப் பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கு நிலைநிதி திரட்டத் தெரிந்த இனத்துக்குத் தன் தோட்டத்துச் செக்ரோலைக் காக்க ஓர் ஆள் வைக்கத் தெரியவில்லை என்றால் அதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்ல வேண்டும்.

கோயிலுக்கு மட்டும் அள்ளிக் கொடுக்கிறார்களே என்ற பேச்சு எங்கள் கூட்டங்களில் தவறாமல் எழும். கும்பாபிஷேகம் என்றால் பணம் எங்கிருந்தோ வருகிறது. படிப்பகம் என்றால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார்கள் என்று இளைஞர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மக்கள் கண்ணுக்குத் தெரிவதற்குக் கொடுக்கிறார்கள். கோபுரம் எழுகிறது, ரசீது கிடைக்கிறது, பெயர் கல்லில் இருக்கிறது. நம் முன்னோர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள், ஆனால் கொடுத்ததோடு ஒரு நிபந்தனையையும் கல்லில் வெட்டினார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, தொண்ணூற்றாறு ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். "சாவா மூவாப் பேராடு" என்பார்கள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி சேர்ந்து மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையாமல் இருக்க வேண்டும். மந்தையை விற்று ஒரே நாளில் ஆயிரம் விளக்கு ஏற்றலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு வரும் மானியங்களின் விதிமுறையோ மந்தையை டிசம்பருக்குள் அடித்துச் சாப்பிட்டுவிடச் சொல்கிறது.

முதலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் வேலைக்கு வைத்திருக்கும் ஆட்களின் உழைப்பைக் கணக்கிட்டு அதற்குத் தீர்வை செலுத்த வேண்டும். ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவரும் செலவுக்கான நிதி அது. அதன் தொடர்ச்சியாக 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி சட்டப்படி அமைந்தது. 1999இல் இன்னொரு சட்டத்தால் அது கலைக்கப்பட்டது. அதன் நியாய அநியாயத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. அது தனி வழக்கு. நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். எங்கள் தாத்தா பாட்டியரின் வியர்வையைக் கணக்கிட்டுச் சேர்ந்த ஒரு நீண்டகால நிதி, அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெயர்கூடத் தெரியாமல் முடிந்துபோனது. ஆகவே புதிய நிலைநிதியின் முதலை யாரும், நாங்களும் நீங்களும் உட்பட, தொட முடியாதபடி அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். படிப்பகம் மூடிவிட்டால் அந்தப் பணமும் ஆவணங்களும் எங்கே போகும் என்பதும் முதல் நாளே எழுதப்பட வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்துக்கா, ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கா என்பதில் எங்களுக்குப் பிடிவாதம் இல்லை. ஒரு செயலாளரின் வீட்டு மாடிக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

விதிமுறை எழுதுகிறவர்களுக்கு இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஒரே ஆள் முழுத் தொகையையும் கொடுத்து ஊரின் பங்கு என்று காட்ட இடம் கொடுக்காதீர்கள். ஒருவரிடமிருந்து கால் பங்குக்கு மேல் கணக்கில் ஏற்க வேண்டாம். பெரிய மனிதரின் காசோலை ஒன்று வந்துவிட்டால் பத்து வெள்ளிக்காரர் விலகிக்கொள்வார். பிறகு கூட்டத்தில் பேசவும் தயங்குவார். அதே பெரிய மனிதருக்கு அடுத்த தேர்தலில் தலைவர் பதவி வேண்டியிருக்கும். இதை விளக்க வேண்டியதில்லை, நாமெல்லாம் சங்கங்களில் இருந்தவர்கள். தோட்ட நிறுவனங்கள் கொடுக்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஏற்போம். அது ஊரின் பங்கில் சேராமல் தனிக் கணக்கில் நிற்கட்டும். அத்தோடு அவர்கள் பழைய அலுவலகக் கிடங்கைத் திறந்து எஞ்சியிருக்கும் பதிவேடுகளையும் கொடுத்தால் பணத்தைவிட அதை மேலாக மதிப்போம்.

காலக்கெடு ஐந்து ஆண்டுக்குக் குறையக் கூடாது. பத்துப் பத்தாகச் சேரும் பணத்துக்கு அவசரம் ஆகாது. ஆனால் நீங்கள் உங்கள் பங்கைக் கடைசியில் மொத்தமாகத் தராமல், ஆண்டுதோறும் நாங்கள் சேர்த்ததற்கு ஏற்பப் போட வேண்டும். முதல் ஆண்டு முடிவில் "நாம் கொடுத்தது மும்மடங்காகி வங்கியில் நிற்கிறது" என்று கணக்கு வாசித்தால், இரண்டாம் ஆண்டு வசூலுக்கு நான் வீடு வீடாகப் போக வேண்டியிருக்காது.

வரிவிலக்கும் இருக்கிறது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்றால் கொடுப்பவருக்கு வரிக்கழிவு உண்டு. சிறு படிப்பகம் ஒன்று அந்த அங்கீகாரத்தைப் பெறுவது மலையேற்றம். மேலும், பெற்ற நன்கொடையைச் சேர்த்து வைக்காமல் உரிய காலத்தில் செலவிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் விதிகள் நிலைநிதிக்கு நேர் எதிரானவை. ஓர் அமைச்சு "சேமி" என்று மானியம் தர, இன்னோர் அலுவலகம் "ஏன் சேமித்தாய்" என்று கேட்டால் நாங்கள் யாருக்குப் பதில் சொல்வது? இணை மானியத் திட்டத்தில் சேர்கிற நிறுவனங்களுக்கு அந்த விதியிலிருந்து விலக்குத் தாருங்கள். முதலைக் கரைக்காமல் பயனை மட்டும் எடுக்கும் வழக்கத்தை நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வக்காஃப் எனும் இஸ்லாமிய அறநிதிகள் மூலம் நன்றாகவே அறிந்திருக்கின்றன. ஆகவே உங்கள் அதிகாரிகளுக்கு இதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்காது.

உங்களுக்கு ஏற்படக்கூடிய தயக்கத்தையும் அறிவேன். பணத்தைக் கொடுத்துவிட்டால் உங்கள் கட்டுப்பாடு போய்விடும். ஆண்டுதோறும் கொடுப்பதில் ஒரு பிடி இருக்கிறது, மேடை இருக்கிறது, படம் இருக்கிறது. நிலைநிதி பெற்ற படிப்பகம் அடுத்த ஆண்டு உங்கள் வாசலில் வந்து நிற்காது. அரசியலில் இருப்பவர்களுக்கு அது இழப்பாகத் தோன்றலாம். இந்தியச் சமூகத்துக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி ரிங்கிட் என்று ஒதுக்குகிறீர்கள். அதில் ஒரு விழுக்காட்டை, அதாவது பத்து இலட்சத்தை மட்டும் இணை மானியத்துக்கு வைத்தால், ஊர் ஒன்றுக்கு நான்கு இலட்சம் வீதம் இரண்டு ஊர்களுக்குக் கொடுத்து மீதியும் இருக்கும். பத்து ஆண்டில் இருபது ஊர்கள். அந்த இருபது ஊர்களும் அதன் பிறகு இந்தச் செலவுக்காக உங்களிடம் கேட்கப் போவதில்லை. நிதி அமைச்சுக்கு இதைவிட இனிப்பான செய்தியை ஒரு படிப்பகப் பொருளாளரால் சொல்ல முடியாது.

எங்கள் செயற்குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. உங்கள் திட்டம் வருமா வராதா என்பதற்குக் காத்திராமல் மாதம் பத்து வெள்ளி வசூலைத் தனிக் கணக்கில் தொடங்குவது என்று. தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு விவரம் தெரிய வேண்டும். நாளை இணை மானியம் அறிவிக்கப்பட்டால், அதற்கு முன்பே இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும் பணத்தையும் ஊரின் பங்காக ஏற்றுக்கொள்வீர்களா? பல திட்டங்களில் அறிவிப்புக்குப் பின் திரட்டியதை மட்டுமே கணக்கில் எடுப்பது வழக்கம் என்பதால் கேட்கிறேன். ஏற்பீர்கள் என்றால் அடுத்த மாதமே ரசீதுப் புத்தகம் அச்சுக்குப் போகும். மாட்டீர்கள் என்றால் வசூலைத் தள்ளிவைப்பதா என்று மறுபடியும் கூட்டம் கூட்ட வேண்டும். பதிலை மலாயில் அனுப்பினால் போதும். தமிழாக்கத்தை நாங்களே செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொருளாளர்,
தோட்டப்புறப் படிப்பகம் ஒன்றின் செயற்குழு சார்பில்,
சுங்கை சிப்புட், பெராக்